பெரியேரிக் கற்சிலையும் நாம் கற்க வேண்டிய பாடமும்

சேலம் மாநகரின் வடகிழக்கே அரண்போல் எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. ஏற்காடு, தலைச்சோலை முதலிய மலையூர்களைத் தன் மடியில் தாங்கிய இம்மலையின் உச்சியில், தாழ்ந்த குகைக்கோயில் ஒன்றில் சேர்வராயனும் காவிரியம்மனும் எழுந்தருளியுள்ளனர். மலைவாழ் மக்கள் ஆண்டுதோறும் அங்கே விழாவெடுத்து வழிபட்டு வருகின்றனர். கோடைக்காலத்தில் குளிர்ச்சி நாடி இம்மலைக்குச் செல்லும் நம் குடும்பத்தார் பலர். ஆயினும் இம்மலையைச் சூழ்ந்த சமவெளிகள் சமண வரலாற்றோடு எவ்வளவு நெருங்கிய தொடர்புடையவை என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. மலைக்கு வடக்கே அதியமான்களின் தகடூர்; மேற்கே நன்னூல் தந்த பவணந்தி முனிவர் தோன்றிய கொங்குநாடு; கிழக்கே நடுநாட்டை நோக்கிச் செல்லும் ஆத்தூர்ப் பெருவழி. இக்கட்டுரை அக்கிழக்கு வழியில் உள்ள ஒரு கற்சிலையைப் பற்றியது. அச்சிலை நம்முடையது அன்று. எனினும் அதன் வரலாறு நமக்குக் கற்பிப்பது மிகுதி.

முதலில் தகடூரைக் காண்போம். இன்று தருமபுரி என வழங்கும் அவ்வூரில், சக ஆண்டு 815இல், அதாவது கி.பி. 893இல், நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், நிதியண்ணன், சந்தியண்ணன் என்னும் வணிக உடன்பிறப்பினர் இருவர் ஒரு ஜினாலயம் எடுப்பித்தனர். மன்னனிடமிருந்து மூலப்பள்ளி என்னும் ஊரைப் பெற்ற நிதியண்ணன், அதனைச் சேனகணத்து ஆசாரியரான கனகசேன சித்தாந்த படாரரிடம் அக்கோயிலின் பொருட்டு ஒப்படைத்தான். இச்செய்தியைக் கன்னடக் கல்வெட்டொன்று நமக்குக் காத்துத் தந்துள்ளது.

தகடூரை ஆண்ட அதியமான் குடிக்கும் சமணத்திற்கும் உள்ள உறவு இதனினும் பழையது. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ எனும் பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சியைக் குறித்து, அவன் அங்குள்ள பாளியை வழங்கியதைத் தெரிவிக்கிறது. பாளி என்பது துறவோர் தங்கும் குகைப்பள்ளி. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் எனத் தமிழுலகம் போற்றும் அவ்வள்ளலே, துறவிகளுக்கு உறைவிடம் ஈந்தவனாகவும் கல்லில் நிலைபெற்றுள்ளான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னரும் அக்கொடை மரபு அறுபடவில்லை. ஆரணிக்கு அண்மையிலுள்ள திருமலையை நம் குடும்பங்களில் அறியாதார் இலர். சுமார் 16 அடி உயரத்தில் பாறையில் வடிக்கப்பெற்றுச் சிகாமணிநாதராய் நிற்கும் நேமிநாதப் பகவான், தமிழகத்துச் சமணப் படிமங்களுள் மிகப் பெரியவர். சோழர் குலத்துக் குந்தவையின் பெயரால் அமைந்த ஜினாலயமும் அம்மலையடியில் உண்டு. அங்கே தன் முன்னோனாகிய எழினி அமைத்த இயக்கன், இயக்கியர் படிமங்கள் பழுதுற்றது கண்டு அவற்றைப் புதுப்பித்தவன் தகடூர் அதியமான் மரபினனான விடுகாதழகிய பெருமாள். முன்னோர் நிறுவிய படிமம் எது, யார் நிறுவியது, ஏன் பழுதுற்றது என்பவற்றை அறிந்து, அதனைச் செப்பனிட்டு, தான் செய்ததையும் கல்லில் எழுதிவைத்த அம்மன்னனின் செயலை நினைவில் நிறுத்திக்கொண்டு கிழக்கு வழியில் செல்வோம்.

சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலை, வடக்கே கல்வராயன் மலைக்கும் தெற்கே பச்சைமலைக்கும் இடையிலான பள்ளத்தாக்கில் அமைந்தது. கொங்குநாட்டையும் நடுநாட்டையும் இணைக்கும் இயற்கை வழி இதுவே. இதன் கிழக்கு எல்லையை அடுத்துத்தான் பார்சுவநாதர் அப்பாண்டைநாதராய் எழுந்தருளிய நம் திருநறுங்கொண்டை உள்ளது. இடைப்பட்ட நிலப்பகுதி இடைக்காலத்தில் மகதை மண்டலம் எனப் பெயர் பெற்று, ஆறகழூரைத் தலைநகராகக் கொண்ட வாணகோவரையர்களால் ஆளப்பட்டது. இப்பகுதியில் பௌத்தமும் செழித்திருந்தது என்பதற்குத் தலைவாசலை அடுத்த தியாகனூரில் உள்ள பெரிய புத்தர் கற்சிலைகளே சான்று. வணிகர் சென்ற வழிகளிலேயே அறநெறிகளும் சென்றன. ஒரே பெருவழியில் அருகன் கோட்டமும் புத்தன் பள்ளியும் அடுத்தடுத்து விளங்கின.

இவ்வழியில் அமைந்த பெரியேரி என்னும் சிற்றூரில், கோட்டைச் சாலையில், தலைவெட்டி முனியப்பன் கோயில் உள்ளது. முனியப்பன் வழிபாடு சேலம், தருமபுரி வட்டாரங்களில் ஊர்தோறும் காணப்படுவது. முறுக்கிய மீசையும் உருட்டிய விழியும் ஓங்கிய வாளுமாகச் சுதையில் அமைந்த பேருருவங்களையே முனியப்பன் என்றதும் நாம் நினைவுகூர்வோம். பெரியேரியில் கருவறையில் இருந்ததோ அத்தகைய உருவம் அன்று. கண்மூடிக் கால்மடித்து அமர்ந்த அமைதியான கல்லுருவம். ஒரு காலத்தில் அதன் தலை உடலினின்று துண்டிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் சிமெண்டுக் கலவையால் தலை மீண்டும் பொருத்தப்பட்டது. அவ்வடுவே தெய்வத்தின் பெயரிலும் ஏறித் தலைவெட்டி முனியப்பன் என நிலைத்துவிட்டது. ஊரார் அதற்குப் பூசை செய்தனர், விழா எடுத்தனர். கோயில் அறநிலையத் துறையின் பொறுப்பில் இருந்தது.

அவ்வுருவம் புத்தருடையது என்றும், அதனை மீட்டுத் தர வேண்டும் என்றும் சேலத்துப் புத்தர் அறக்கட்டளை 2011இல் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. சிலையை ஆராய்ந்து அறிக்கை அளிக்குமாறு 2017இல் நீதிமன்றம் தொல்லியல் துறைக்கு ஆணையிட்டது. வல்லுநர் குழு நேரிற் சென்று சிலையை ஆராய்ந்தது. மஞ்சளும் சாந்தும் அணிகளும் அகற்றப்பட்ட பின்னரே கல்லின் உண்மை வடிவத்தைக் காண இயலும் என்பது இத்தகைய ஆய்வு எதற்கும் பொருந்தும் முதல் விதி. குழுவின் முடிவு, அவ்வுருவம் புத்தரையே குறிக்கிறது என்பதாகும்.

நீண்ட காலமாக மக்கள் முனியப்பனாகவே வழிபட்டு வருவதால் கோயில் தங்கள் பொறுப்பிலேயே நீடிக்க வேண்டும் என்று அறநிலையத் துறை வாதிட்டது. 2022 சூலையில் தீர்ப்பளித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அதனை ஏற்கவில்லை. சிலை புத்தருடையது எனத் தெளிவான பின்னர், பிழையான அடையாளம் தொடர அனுமதிப்பது பௌத்த நெறிக்கே முரணாகும் என்பது அவர் கருத்து. இடத்தைத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். இது புத்தர் சிலை என அறிவிக்கும் பலகை வைக்க வேண்டும். பொதுமக்கள் வந்து காணலாம். ஆனால் பூசையோ பிற சடங்குகளோ நிகழக் கூடாது என்று அவர் ஆணையிட்டார்.

வல்லுநர் அறிக்கை கூறிய அடையாளங்களைச் சமணராகிய நாம் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். அரைத் தாமரை இருக்கையாகிய அர்த்த பத்மாசனம், தாமரைப் பீடம், மடிமேல் கைகளை வைத்த தியான முத்திரை, சுருண்ட தலைமுடி, உச்சியில் எழும்பிய உஷ்ணீஷம், நீண்டு தொங்கும் காதுகள், உடலில் ஆடை. நெற்றியில் இருக்க வேண்டிய ஊர்ணை என்னும் திலகக் குறி மட்டும் புலப்படவில்லை.

இவற்றுள் எத்தனை நம் தீர்த்தங்கரர் படிமங்களுக்கும் உரியவை என்று எண்ணிப் பாருங்கள். அரைத் தாமரை இருக்கை நமக்கும் உண்டு. தியான முத்திரை நமக்கும் உண்டு. சுருள்முடியும் நீள்செவியும் நமக்கும் உண்டு. தாமரைப் பீடமும் நமக்குப் புதிதன்று. எஞ்சி நின்று வேறுபடுத்துவது முதன்மையாக ஆடையே. இடத்தோளின் வழியே மார்பின் குறுக்காக ஓடும் மெல்லிய கோடும், மணிக்கட்டிலோ கணுக்காலிலோ தெரியும் துணியின் விளிம்பும், இது திகம்பர அருகன் அன்று எனச் சொல்லிவிடும். எண்ணெயும் காலமும் தேய்த்த கல்லில் அக்கோடு மறைந்துபோயின், கற்றவரும் தடுமாறுவர்.

ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இவ்வேறுபாடுகளைச் சொல்லித் தருவது நலம். அமர்ந்த உருவமாயின் முதலில் ஆடையைத் தேட வேண்டும். தலைக்கு மேல் முக்குடை இருப்பின் அது அருகனே. இருபுறமும் சாமரை வீசுவோரும், பீடத்தில் அரிமாக்களும், நடுவில் இலாஞ்சனமும் இருப்பின் அவை துணைச் சான்றுகள். இலாஞ்சனம் காளையாயின் ரிஷபதேவர், சங்காயின் நேமிநாதர், அரிமாவாயின் வர்த்தமான மகாவீரர். ஆயினும் தமிழகத்துப் பழம்படிமங்கள் பலவற்றில் இலாஞ்சனம் பொறிக்கப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது. நின்ற உருவமாயின் ஐயம் எளிதில் தீரும். இரு கைகளும் உடலைத் தொடாமல் நேரே தொங்க நிற்கும் காயோத்சர்க்க நிலை சமணத்திற்கே உரியது. நின்ற புத்தரோ கையை உயர்த்தி அபயம் காட்டுவார். பாம்புக் குடை மட்டும் கண்டு பார்சுவநாதர் என முடிவு கட்டுதலும் தவறு. முசலிந்த நாகம் குடைபிடிக்க அமர்ந்த புத்தர் படிமங்களும் உலகில் உண்டு. அங்கும் ஆடையே தீர்ப்புச் சொல்லும்.

பெயர் மாறி வழிபடப்படுதல் பௌத்தத்திற்கு மட்டும் நேர்ந்ததன்று. மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணர்மலையில் குகை வாயிலில் பெரிதாய் அமர்ந்த தீர்த்தங்கரரை, நீண்ட காதும் பருத்த உடலும் கண்டு செட்டியார் என எண்ணிய ஊரார், அவ்விடத்தையே செட்டிப்பொடவு என வழங்கினர். குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில், திருச்சாரணத்துப் பள்ளியாய் விளங்கிய இடம், 13ஆம் நூற்றாண்டில் பகவதி கோயிலாயிற்று. தீர்த்தங்கரர் வரிசையும் அம்பிகை, பத்மாவதி இயக்கியரும் இன்றும் அப்பாறையில் உள்ளனர். நாகர்கோவில் நாகராசர் கோயில் தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் அமைதியாய் இடம்பெற்றுள்ளனர். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அங்கே குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணச் சான்றோர் இருந்தனர் என்பதை அக்கோயிற் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. ஒரே நாளில் ஒரே அடியில் எல்லாம் மாறிவிடவில்லை. அடியார் கூட்டம் மெல்லக் குறைந்தது, கற்றறிந்தோர் மறைந்தனர், படிமத்தின் பெயரைச் சொல்ல ஒருவரும் எஞ்சாதபோது, அருகில் வாழ்ந்த மக்கள் தாம் அறிந்த பெயரைச் சூட்டினர்.

இங்கே நாம் கருத வேண்டிய இரு தவறுகள் உள்ளன. ஒன்று, அமர்ந்த கல்லுருவம் எதனைக் கண்டாலும் நம்முடையதே என உரிமை கொண்டாடுதல். பெரியேரிச் சிலையின் ஆடைக் கோட்டைக் காணாது, முனி என்னும் பெயரையே சான்றாக்கி, அது சமண முனிவர் என ஒருவர் வாதிடக் கூடும். அவ்வாறு வாதிடுவது, நம் தீர்த்தங்கரரைப் பிறர் பெயரிட்டு அழைக்கும்போது நாம் வருந்தும் அதே பிழையைப் பிறர் படிமத்துக்கு நாமே இழைப்பதாகும். சத்தியம் ஐந்து விரதங்களுள் ஒன்று. பிறர் பொருளைக் கவராமையும் அவற்றுள் ஒன்று. கற்சிலையைப் பொறுத்தும் அவ்விரதங்கள் நம்மைக் கட்டுப்படுத்தும்.

மற்றொன்று, பெயர் மாற்றி வழிபட்ட மக்களைப் பகைவராகக் கருதுதல். பெரியேரிச் சிலையின் தலையை யார் துண்டித்தார் என்பது இங்கே நம் ஆராய்ச்சி அன்று. ஆனால் தலையற்றுக் கிடந்த உடலைப் புறக்கணிக்காமல், தலையை எடுத்துப் பொருத்தி, மேலே கூரையமைத்து, விளக்கேற்றியவர் அவ்வூர் எளிய மக்களே என்பதை மறத்தலாகாது. தமிழகத்தில் ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் கிடந்த எத்தனையோ படிமங்கள் துணிதுவைக்கும் கல்லாகவும் படிக்கட்டாகவும் போயிருக்க, தெய்வமெனக் கைதொழப்பட்டவையே பெரும்பாலும் தப்பின. அநேகாந்தம் கற்ற நமக்கு, ஒரு கல்லை ஊரார் ஒரு கண்ணாலும் வரலாறு மற்றொரு கண்ணாலும் காண்பது விளங்காத செய்தியன்று. வரலாற்று உண்மையில் விட்டுக்கொடுத்தல் கூடாது. அதனை எடுத்துரைக்கும் சொல்லில் கடுமையும் கூடாது.

இன்னொரு வினாவும் உண்டு. பெரியேரித் தீர்ப்பால் சிலைக்கு அதன் பெயர் கிட்டியது; பூசைக்கோ அத்தீர்ப்பு இடந்தரவில்லை. ஊராரின் வழிபாடும் அதில் ஒப்புக்கொள்ளப்படவில்லை. பௌத்தரின் வழிபாடும் தொடங்க வழி செய்யப்படவில்லை. அடையாளத்தை மீட்பதும் வழிபாட்டை மீட்பதும் இருவேறு செயல்கள் என்பதை இது காட்டுகிறது. வழிபடும் கூட்டம் அருகே இல்லாத இடத்தில், பெயர்ப்பலகை ஒன்றே நீதி தரக்கூடிய மிகப்பெரிய பேறு. நம் ஊர்களில் இன்றும் பூசை நடைபெறும் ஜினாலயங்கள், நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் வாராது ஒழியின், இரண்டு தலைமுறையில் எந்நிலை அடையும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். படிமத்தை இழப்பதற்கு முன் நாம் இழப்பது அதன் பெயரையும் வரலாற்றையும் அறிந்த மனிதரையே.

எனவே நம் கடமைகள் சிலவற்றை எடுத்துரைத்தல் தகும்.

முதலாவது, பதிவு செய்தல். ஒவ்வொரு குடும்பமும் தன் பூர்விக ஊரில் உள்ள ஜினாலயம், வயல்வெளிப் படிமம், பாறைச் சிற்பம், கற்படுக்கை ஆகியவற்றை நிழற்படம் எடுத்து, உயரம், அகலம், கல்லின் தன்மை, பீடத்து எழுத்து, ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். ஊரார் வழங்கும் பெயர் பிழையானதாயினும் அதனையும் எழுத வேண்டும், அப்பெயரும் வரலாறே.

இரண்டாவது, சட்டத்தை அறிதல். மண்ணிலிருந்து வெளிப்படும் மதிப்புள்ள பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின் விதி. நூறாண்டுக்கு மேற்பட்ட கற்சிலை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ்த் தொல்பொருளாகும். அன்பு மிகுதியால் படிமத்தை இரவோடிரவாகத் தூக்கி வந்து தம் ஊர்க் கோயிலில் வைத்தல் சட்டத்துக்கும் புறம்பு, ஆய்வுக்கும் கேடு. இடம் பெயர்ந்த சிலை தன் சான்றில் பாதியை இழந்துவிடும்.

மூன்றாவது, செப்பனிடுதலில் கட்டுப்பாடு. பெரியேரியில் சிமெண்டு இட்டு ஒட்டிய ஊராரைக் குறைகூறும் முன், நம் கோயில்களிலேயே பழங்கல்வெட்டின்மீது சுண்ணமும் வண்ணமும் பூசிய இடங்கள் இல்லையா என நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டும். விடுகாதழகிய பெருமாள் பழையதைப் புதுப்பித்தான். ஆனால் முன்னோன் பெயரை அழிக்கவில்லை. திருப்பணி செய்வோர்க்கு அதனினும் சிறந்த இலக்கணம் இல்லை.

நான்காவது, சென்று காணுதல். ஏற்காட்டுக்குக் கோடைப் பயணம் செல்லும் குடும்பத்தார், திரும்பும் வழியில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். ஆத்தூர் வழியே சென்று தியாகனூர்ப் புத்தரையும் பெரியேரிச் சிலையையும் கண்டு, பிள்ளைகளிடம் ஆடைக் கோட்டைத் தேடச் சொல்லலாம். அங்கிருந்து அதே நெடுஞ்சாலையில் கிழக்கே சென்று திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதரை வணங்கலாம். ஆடையணிந்து அமர்ந்த புத்தரையும் ஆடையின்றி விளங்கும் அருகனையும் ஒரே நாளில் கண்ட பிள்ளை, பின்னொரு நாள் எந்த ஏரிக்கரையில் எந்தக் கல்லுருவத்தைக் காண நேரினும் அது யாரெனத் தானே ஆராய்ந்து அறியும்.

தகடூரில் வணிகர் இருவர் எடுப்பித்த ஜினாலயத்தின் பெருமையை இன்று நமக்கு உரைப்பது ஒரு கல்வெட்டே. அதனைப் பொறித்தவன் எதிர்வரும் தலைமுறையை மனத்திற் கொண்டே உளியெடுத்தான். இவ்விழா நாளில் ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர்ப் படிமம் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அறக்கட்டளையிடம் அளிக்குமாயின், அடுத்த மலர் ஒரு நல்ல ஆவணமாகும். நம் பிள்ளைகளின் பிள்ளைகள் நம் தீர்த்தங்கரர்களை அவரவர் திருப்பெயராலேயே அழைக்கட்டும். அறம் வளர்க, அருகன் திருவடி வாழ்க.